அறிமுகத்துக்கு மூன்று பேர் வேண்டும்

ஐ, யூ, ஹீ, ஷீ, இட், வீ, தே. ஆங்கிலம் கற்றுத்தரும் எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் முதல் பாடத்திலேயே கட்டம் போட்டு இந்த ஏழு சொற்களையும் அடைத்து வைத்திருப்பார்கள். பக்கத்திலேயே தமிழ் அர்த்தமும் இருக்கும். மனப்பாடம் செய்து, 'மை நேம் இஸ்' என்று தொடங்கி நாலு வரி ஒப்பித்துவிட்டால் அறிமுகப் பாடம் முடிந்தது. அடுத்தது வினைச்சொல்.

சென்னை வியாசர்பாடியில் ஒரு சமுதாயக் கூடத்து மாடியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். தையல் வேலை செய்யும் பெண்கள், அடுக்குமாடிகளில் வாட்ச்மேன் வேலை பார்ப்பவர்கள், ஐ.டி. கம்பெனிகளில் ஹவுஸ்கீப்பிங் செய்பவர்கள், முதியவர்களை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்பவர்கள், உணவு டெலிவரி செய்யும் தம்பிகள் என்று பல பேர் வருகிறார்கள். எட்டாவது, பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர்கள்தான் அதிகம். இங்கே அந்த ஏழு சொற்களுக்கும் பல வாரங்கள் பிடிக்கும். பிடிக்கட்டும், அவசரப்படுத்தக் கூடாது என்பதுதான் என் கட்சி.

வயசான பிறகு மொழி ஏறாது என்று சிலர் சொல்வார்கள். நான் பார்த்தவரை அது உண்மையில்லை. யாரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று முப்பது நாற்பது வருஷமாகத் தமிழில் பழகிய வாய் அது. எதிரில் இருப்பவரின் வயசு, உறவு, வேலை, பல இடங்களில் சாதியும்கூட, எல்லாவற்றையும் ஒரு நொடியில் எடைபோட்ட பிறகுதான் நீ, நீங்க, அவன், அவரு, அவங்க என்று ஒரு சொல் வெளியே வருகிறது. ஆங்கிலம் இதில் எதையும் கேட்பதில்லை. ஆணா, பெண்ணா என்பதை மட்டும் விடாமல் கேட்கிறது. இந்த இடமாற்றம் கட்டம் போட்டு மனப்பாடம் செய்தால் நடக்காது.

'ஐ'யிலிருந்தே ஆரம்பிக்கலாம். "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டால் தமிழில் "டெய்லர்" என்று ஒரே சொல்லில் பதில் வரும். "சாப்ட்டீங்களா?" என்றால் "சாப்ட்டேன்". யார் சாப்பிட்டது என்பது வினையிலேயே இருக்கிறது. 'நான்' என்று தனியாகச் சேர்த்தால் ஒரு அழுத்தம் வந்துவிடும். எதற்கெடுத்தாலும் நான், நான் என்று பேசுகிறவரை யாரும் மெச்சுவதும் இல்லை. ஆங்கிலத்திலோ 'ஐ' இல்லாமல் வாக்கியமே நிற்காது. கூடவே 'ஆம்' வேறு வேண்டும். தமிழில் 'நான் டெய்லர்' என்பதற்கு நடுவில் எதுவும் இல்லாததால் முதலில் 'ஐ டெய்லர்' என்றுதான் வருகிறது. கொஞ்சம் இங்கிலீஷ் காதில் விழுந்தவர்கள் 'மைசெல்ஃப்' என்று தொடங்குவார்கள். பள்ளிக்கூட மேடையிலிருந்து ஆபீஸ் மீட்டிங் வரை எல்லாரும் சொல்வதுதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவேன். ஆனால் இன்டர்வியூ எடுப்பவர்கள் அந்த ஒரு சொல்லை வைத்தே ஆளைக் கழித்துக்கட்டுவது நடக்கிறது. அதனால் 'ஐ ஆம்' நாக்கில் படியும்வரை விடுவதில்லை.

இதற்கு ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். 'ஐ ஆம்' என்று தொடங்கி ஐந்து வாக்கியம் சொல்ல வேண்டும். ஆண்கள் பேர், வேலை, வயசு, ஊர் என்று அடித்துக்கொண்டு போவார்கள். பெண்களில் பலர் இரண்டாவது வாக்கியத்திலேயே 'மை ஹஸ்பண்ட்' என்று தாவிவிடுவார்கள், மூன்றாவதில் 'மை சன்'. வீட்டிலேயே பிளவுஸ் தைக்கும் ஓர் அக்கா, "ஐ ஆம் எ டெய்லர், ஐ ஆம் எ மதர்" என்று சொல்லிவிட்டு நோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வேற என்ன மிஸ் இருக்கு என்னப் பத்திச் சொல்ல?" பக்கத்திலிருந்த பெண்தான் சொன்னார்: "யக்கா, தீபாவளி வந்தா தெருவே உன் வாசல்லதான நிக்குது. உன் வேகம் யாருக்கு வரும்?" நான் போர்டில் 'ஐ ஆம் ஃபாஸ்ட்' என்று எழுதினேன். அவர் அதை எழுத்துக்கூட்டி ஒருமுறை படித்தார். அப்புறம் யாரும் கேட்காமலே இன்னொரு முறை சத்தமாகச் சொன்னார். அதற்குப் பிறகு ஐந்தோடு நிற்கவில்லை. 'ஐ ஆம் ஸ்ட்ராங்' வந்தது. தெருவில் சீட்டுக் கணக்கு அவரிடம்தான் இருக்கிறது என்பதால் 'ஐ ஆம் குட் அட் மேத்ஸ்' வந்தது. புத்தகத்தில் இருக்கும் அறிமுகப் பத்தியை ஒப்பிக்கவிட்டிருந்தால் இதெல்லாம் வெளியே வந்திருக்காது.

அடுத்தது 'யூ'. மலிவு விலைப் புத்தகங்கள் பலவற்றில் 'யூ' என்றால் 'நீ' என்று போட்டிருக்கிறது. இது பெரிய தொல்லை. ஹவுஸ்கீப்பிங் வேலை செய்யும் தம்பி ஒருவர், வாய் நன்றாக ஓடும் பிள்ளை, மானேஜரோடு பேசுவது போன்ற பயிற்சியில் மட்டும் ஊமையாகிவிட்டார். 'சார் வான்ட் காஃபி?' என்று கேட்பார், 'சார் கம்மிங் டுமாரோ?' என்று கேட்பார், 'யூ' மட்டும் வரவே வராது. கேட்டால், "அவரைப் போய் நீன்னு எப்படி மிஸ் சொல்றது?" என்றார். கட்டத்தில் படித்ததை அவர் நம்பியிருக்கிறார். அவர் கேட்டது நியாயமான கேள்வி.

உண்மையில் ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் நம்மைப் போலவே இரண்டு சொற்கள் இருந்தன. நெருங்கியவருக்கும் கீழே இருப்பவருக்கும் 'தௌ', பல பேருக்கும் மரியாதைக்குரிய ஒருவருக்கும் 'யூ'. 17ஆம் நூற்றாண்டு வாக்கில் பொதுப் பேச்சிலிருந்து 'தௌ' தேய்ந்து மறைந்தது. மிஞ்சியது மரியாதைச் சொல். ஒரே ஆளைப் பார்த்தும் 'யூ ஆர்' என்று பன்மையில் சொல்வது அந்த வழியில் வந்ததுதான், நாம் ஒருவரை 'நீங்க இருக்கீங்க' என்பதுபோல. ஆகவே எங்கள் போர்டில் 'யூ'வுக்கு நேராக 'நீங்க' என்றுதான் இருக்கும். "இங்கிலீஷ்காரங்க எல்லாரையும் நீங்கன்னுதான் சொல்றாங்க, வீட்டு நாய்க்குட்டியக்கூட" என்று நான் சொன்னதும் அந்தத் தம்பியின் முகம் தெளிந்துவிட்டது. உடனே அடுத்த கேள்வியும் வந்தது. "அப்ப சூப்பர்வைசரும் என்னை அதேதான் சொல்லணுமா?" ஆமாம், அதேதான். தமிழில் அவரை நாள் முழுக்க டேய், வாடா என்று கூப்பிடுகிறவர், ஆங்கிலத்தில் கூப்பிட்டால் அந்த ஒரு சொல்லைத்தான் தர வேண்டும். ஆங்கிலத்தில் மேல் கீழ் கிடையாது என்று நான் சொல்லவரவில்லை. குரலிலும் 'சார்'களிலும் அது நிறையவே இருக்கிறது. ஆனால் முன்னிலையில் ஒரே சொல்தான் என்பது தெரிந்த பிறகு, அந்தத் தம்பி நிமிர்ந்து பேச ஆரம்பித்ததை நான் பார்த்தேன்.

இனி ஹீ, ஷீ. இங்கேதான் அறிமுகப் பாடங்கள் தடுமாறுகின்றன. தன்னைப் பற்றிச் சொல்லும்போது யாரும் தன்னை ஹீ என்றோ ஷீ என்றோ சொல்லிக்கொள்வதில்லையே! நம்மை அப்படிச் சொல்வது அடுத்தவர், அதுவும் இன்னொருவரிடம். பேசுகிறவர், கேட்கிறவர், பேசப்படுகிறவர் என்று மூன்று பேர் இருந்தால்தான் அந்தச் சொற்களுக்கே வேலை. தன்மை, முன்னிலை, படர்க்கை என்று ஆறாம் ஏழாம் வகுப்பில் படித்தது எங்கள் ஆட்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதைச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

அதனால் நாங்கள் மூன்று மூன்று பேராக நின்றுதான் அறிமுகம் செய்கிறோம். முதலாமவர் இரண்டாமவரிடம் 'ஐ ஆம் எ வாட்ச்மேன்' என்பார். இரண்டாமவர் மூன்றாமவர் பக்கம் திரும்பி 'ஹீ இஸ் எ வாட்ச்மேன்' என்பார். மூன்றாமவர் ஏதாவது ஒரு கேள்வி கேட்க வேண்டும். அப்புறம் இடம் மாறி நிற்பார்கள். இதில் ஒரே ஒரு விதி: யாரைப் பற்றிப் பேச்சோ, அவர்தான் தப்பைத் திருத்த வேண்டும். நான் வாய் திறக்க மாட்டேன். ஆணை 'ஷீ' என்று சொல்லிவிட்டால் அவரே 'ஹீ' என்பார், ஒரு சிரிப்பு எழும், வேலை நடக்கும். ஷீயைச் சிலர் 'சீ' என்று உச்சரிப்பதால் மாமியாரைப் பற்றிப் பேசும்போது வரும் சிரிப்பு தனி. இரண்டு வாரத்தில் அது சரியாகிவிடும்.

சிரிக்க முடியாத இடமும் உண்டு. அண்ணா நகரில் ஒரு ஃப்ளாட்டில் வயதான கணவன் மனைவியைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஒருவர் வருகிறார். மகன் அமெரிக்காவில். மருமகளுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் நலம் விசாரித்துப் போன் செய்வது அந்த மருமகள்தான். ஒருநாள் அம்மாவுக்குச் சர்க்கரை ஏறியிருந்ததை இந்த அக்கா 'ஹிஸ் சுகர் ஹை' என்று சொல்லியிருக்கிறார். மருமகள் மாமனாருக்கு என்று எடுத்துக்கொண்டு, அவருக்கு மாத்திரையைக் கூட்டலாமா என்று டாக்டரைக் கேட்கும்வரை போய்விட்டது. நல்லவேளை, ராத்திரியே மகன் கூப்பிட்டுத் தமிழில் விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. அக்கா அதைக் கிளாஸில் சொல்லும்போது குரல் கம்மிவிட்டது. "எனக்கு ரெண்டு பேருமே அவங்கதான் மிஸ். அய்யா சாப்ட்டாங்க, அம்மா சாப்ட்டாங்க. ஹீயா ஷீயான்னு வாய் யோசிக்கவே மாட்டேங்குது."

அவர் சொன்னதுதான் விஷயமே. அவன், அவள் என்று பிரித்துச் சொல்லத் தமிழனுக்குத் தெரியாதா என்ன? மரியாதை வந்ததும் அந்தப் பிரிவு மறைந்துவிடுகிறது. அவர், அவங்க என்பதில் ஆண் பெண் இல்லை. நம் ஆட்கள் ஹீ, ஷீயில் தடுமாறுவது பெரும்பாலும் மதிக்கிற மனிதர்களைப் பற்றிப் பேசும்போதுதான். தம்பியைப் பற்றிப் பேசினால் சரியாக 'ஹீ' வருகிறது. முதலாளியம்மாவைப் பற்றிப் பேசினால் குழம்புகிறது. இதைப் புரிந்துகொண்டால் எந்த வாக்கியங்களைப் பயிற்சிக்கு எடுக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். அந்த அக்காவுக்காக இரண்டு நாற்காலி போட்டோம், ஒன்று அய்யாவுக்கு, ஒன்று அம்மாவுக்கு. போனைக் காதில் வைத்துக்கொண்டு, நாற்காலியைப் பார்த்துப் பார்த்து, 'ஃபாதர், ஹீ ஏட் இட்லி. மதர், ஷீ டிட் நாட் ஈட்' என்று சொல்லிப் பழகினார். முதலில் ஆள், அப்புறம் ஹீ அல்லது ஷீ. கேட்க அழகாக இருக்காதுதான், ஆனால் மாத்திரை விஷயத்தில் அழகு முக்கியமில்லை.

மரியாதையால் வரும் இன்னொரு சிக்கல் 'தே'. 'மை மதர் இன் லா, தே ஆர் இன் வில்லேஜ்' என்பது எங்கள் கிளாஸில் எல்லா வாரமும் காதில் விழும். கணவருக்கும் அதே 'தே'தான். 'ஹீ' என்றால் அவன் என்று சொன்னதுபோல் கூசுகிறது என்கிறார்கள். இங்கிலாந்து ராணியைப் பற்றி எழுதும்போதும் 'ஷீ' என்றுதான் எழுதினார்கள், பிரதமரும் 'ஹீ'தான், அதில் குறைச்சல் எதுவும் இல்லை என்று விளக்குவேன். கூச்சம் ஒரே நாளில் போகாது. போக வேண்டிய கட்டாயமும் இல்லை, கேட்பவருக்கு ஆள் புரிந்தால் சரி.

'இட்' பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நாம் கைக்குழந்தையைக் கொஞ்சும்போது 'அது தூங்குது' என்போம். அதே பழக்கத்தில் பத்து வயசுப் பையனையும் 'இட் இஸ் ஸ்டடியிங்' என்றுவிடுவார்கள். அன்பில் வருகிற 'அது'. ஆனால் மனுஷரை இளக்காரம் செய்யவும் இந்த ஊரில் அதே 'அது'வைத்தான் எடுக்கிறார்கள். எங்கள் கிளாஸில் ஒரு திருநங்கை படிக்கிறார், சமையல் வேலைக்குப் போகிறவர். 'இட்' பாடத்தன்று அவர்தான் முதலில் பேசினார். "மிஸ், இந்தச் சொல்ல மனுஷங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு பெருசா எழுதிப் போடுங்க. பஸ்ஸுல என்னை அதுன்னு சொல்றாங்க." எழுதினேன். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே மக்களை உயர்திணை என்று வகுத்துவிட்டு, பாலினம் திரிந்தவர்களைக் குறிக்கும் பெயர்களையும் அந்த உயர்திணையிலேயே வைக்கிறது. இலக்கணம் அன்றைக்கே கொடுத்துவிட்ட இடம் அது. அன்று இதையும் சொன்னேன்.

மூன்று பேர் பயிற்சியில் அவரை அறிமுகப்படுத்தும் முறை ஒரு வாட்ச்மேன் அண்ணனுக்கு வந்தது. அதுவரை எல்லாரும் அவரைத் தமிழில் 'அவங்க' என்று சொல்லியே சமாளித்துக்கொண்டிருந்தார்கள். அதுவரை நாங்கள் படித்திருந்த ஆங்கிலத்தில் அந்தச் சமாளிப்புக்கு வழியில்லை. அண்ணன் கையை அவர் பக்கம் நீட்டியபடி நின்றுவிட்டார், என்னைப் பார்த்தார். விதிப்படி நான் வாய் திறக்கவில்லை. "ஷீன்னு சொல்லுங்கண்ணே" என்றார் அவரே. "சரிம்மா. ஷீ இஸ் எ குக்." மூன்றாவதாக நின்ற பெண், "வாட் டஸ் ஷீ குக்?" என்று கேட்டார். மட்டன் பிரியாணி என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

யாரைப் பற்றிப் பேச்சோ அவர்தான் சொல்ல வேண்டும் என்ற எங்கள் சின்ன விதிக்கு இந்த நாட்டில் ஒரு முன்கதையும் உண்டு. 2008இல் தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் அமைந்தது. இந்தியாவிலேயே அதுதான் முதல். 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், தன் பாலினம் எது என்பதைத் தானே சொல்லும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று தீர்ப்பு சொன்னது. திருநங்கைக்கு ஷீ, திருநம்பிக்கு ஹீ என்று நான் கட்டம் போட்டுக் கொடுத்துவிடலாம், ஆனால் செய்வதில்லை. அவர்களே சொல்வதைக் கேட்டுப் பழகுவதுதான் பாடம்.

ஓ.எம்.ஆர். கம்பெனியில் வேலை செய்யும் தம்பி ஒருநாள் கேட்டார்: "மிஸ், ஒரு மேடத்தோட பேருக்குப் பக்கத்துல ஷீ, கோடு, ஹெர்னு போட்டிருக்கு. இனிஷியலா அது?" என்னை இப்படிக் குறிப்பிடுங்கள் என்று அவர் முன்கூட்டியே சொல்லிவைக்கிறார் என்று விளக்கினேன். இப்போது பல நாடுகளில் ஆங்கில வகுப்புகளில் முதல் நாளே 'மை புரொனவுன்ஸ் ஆர்' என்று தொடங்கி எல்லாரையும் சொல்லவைக்கிறார்கள். நோக்கம் நல்லது, ஆனால் புதிதாகப் படிப்பவர்களிடம் அந்த வாக்கியத்தோடு ஆரம்பிக்க எனக்கு விருப்பமில்லை. 'புரொனவுன்' என்பது இலக்கணப் பாடத்துச் சொல். ஹீயும் ஷீயும் வாயில் வராதவருக்கு அந்த வாக்கியம் வெறும் சத்தமாகத்தான் இருக்கும். எங்கள் ஆட்களுக்கு 'ப்ளீஸ் சே ஷீ' என்பதே போதும், மூன்றே சொல்தான், எங்கேயும் செல்லும். அதோடு, எல்லாரையும் வரிசையாகச் சொல்லச் சொன்னால், வெளியே சொல்லும் தைரியம் இன்னும் வராத ஒருவர் அந்த வரிசையில் உட்கார்ந்து தவிக்கக்கூடும். சொல்ல விரும்புகிறவருக்கு வாக்கியம் கையில் இருக்கட்டும். விரும்பாதவர் பேரும் வேலையும் சொல்லிவிட்டு உட்காரலாம்.

ஹீயும் வேண்டாம், ஷீயும் வேண்டாம், 'தே' என்று சொல்லுங்கள் என்கிறவர்களும் உண்டு என்று சொன்னபோது நான் எதிர்பார்த்த குழப்பம் வரவேயில்லை. "நம்ம அவங்க மாதிரியா மிஸ்?" என்று ஒரே கேள்வியில் முடிந்துவிட்டது. ஆங்கிலத்தில் இது புதுசு என்று சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஆள் யார் என்று குறிப்பாகத் தெரியாதபோது ஒருவரை 'தே' என்பது 14ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. தன்னை ஆண் பெண் இரண்டிலும் சேர்க்காதவருக்கு 'தே' என்ற பொருளை 2019இல் மெரியம் வெப்ஸ்டர் அகராதி சேர்த்துக்கொண்டது. எங்கள் வாட்ச்மேன்களுக்கு இந்த 'தே' தினசரி வேலைக்கே ஆகிறது. கேட்டில் யாரோ ஒரு பார்சல் வைத்துவிட்டுப் போனார்கள், ஆளைப் பார்க்கவில்லை: 'சம்படி கேம். தே லெஃப்ட் எ பார்சல்.' இந்த இரண்டு வாக்கியத்தை அவர்கள் அடுத்த நாளே ஃப்ளாட்காரர்களிடம் சொல்லிப் பார்த்துவிட்டு வந்தார்கள். மாமியாருக்கு 'தே' கூடாது, பார்சல்காரருக்கு 'தே' கூடுமா என்று தையல்கார அக்கா விடாமல் மல்லுக்கு நின்றார். யார் என்று தெரியாவிட்டால் 'தே', அவரே கேட்டால் 'தே', மரியாதைக்காக மட்டும் 'தே' வேண்டாம் என்று முடித்துவைத்தேன். மாமியார் கேட்டால்? அப்போது தாராளமாகச் சொல்லலாம்.

'வீ' சுலபம். நாம், நாங்கள் என்று நமக்கு இரண்டு இருப்பது அவர்களுக்கு ஒன்றுதான். பெரிதிலிருந்து சிறிதுக்குப் போவதில் யாருக்கும் கஷ்டமில்லை.

இப்போது ஹிஸ், ஹெர் நடந்துகொண்டிருக்கிறது. 'ஹிஸ் நேம் இஸ்' என்று சொல்லிவிட்டுக் கணவர் பேரைச் சொல்ல வேண்டிய இடத்தில் மூத்த பெண்கள் சிலர் நிறுத்திவிடுகிறார்கள். பேரைப் பக்கத்திலிருப்பவர் சொல்லி முடிக்கிறார். நான் வற்புறுத்துவதில்லை. ஆனால் ஆஸ்பத்திரி கவுன்ட்டரிலோ பாங்க்கிலோ கேட்டால் பக்கத்தில் ஆள் இருக்கமாட்டாரே. அதனால் அவரவர் வீட்டுக்காரர் பேரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதவும் சேர்த்தே பழகுகிறோம். பாதிப் பேர் எழுதிவிட்டார்கள், மீதிப் பேர் அடுத்த ஞாயிறு ரேஷன் கார்டைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.